உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவர்: ஆய்வு, ரிப்பேர், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. எந்தக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் அதே கேள்விகள், கிட்டத்தட்ட அதே வரிசையில் வருகின்றன. சொன்னதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைக்க ஆரம்பித்தேன். அதுதான் இது. சுலபமானவை முதலில், போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

"சுவர்தானே சார், அது பாட்டுக்கு நிக்குது. அதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆய்வு?"

கட்டடம் நிற்கும், அதில் சந்தேகமில்லை. விழுவது அதன்மேல் ஒட்டிக்கொண்டிருப்பவை: பூச்சு, டைல், சன்ஷேடின் விளிம்பு, கைப்பிடிச் சுவரின் தலையில் பதித்த கல். பத்தாவது மாடியை ஏறத்தாழ 30 மீட்டர் என்று வையுங்கள். அங்கிருந்து கழன்ற உள்ளங்கை அளவு கான்கிரீட் துண்டு இரண்டரை நொடியில் தரைக்கு வந்துவிடும். கணக்குப்படி அப்போது அதன் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல். காற்றின் தடையால் சற்றுக் குறையலாம். கீழே நிற்பவர் சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

1979-ல் நியூயார்க்கில் நடைபாதையில் போய்க்கொண்டிருந்த 17 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், மேலே இருந்து கழன்று விழுந்த சுவர்த் துண்டு தாக்கி இறந்தார். அடுத்த ஆண்டே அந்த நகரம் வெளிச்சுவர் ஆய்வைச் சட்டமாக்கியது. ஒரு உயிர் போன பிறகுதான் விதி வருகிறது என்பது இந்தத் துறையில் புதிதல்ல.

"வெளிச்சுவர்னா எதெல்லாம் சேர்த்தி?"

வானத்தைப் பார்த்து நிற்கும் எல்லாமே. சுவரும் பூச்சும் மட்டுமல்ல; பால்கனியின் அடிப்பக்கம், அதன் கைப்பிடி, சன்ஷேட், ஜன்னல் சட்டம், கண்ணாடி, கழிவுநீர்க் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப், ஏசி வெளியூனிட் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தாங்கி, மொட்டைமாடி விளம்பரப் பலகை. ஏசி தாங்கியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாற்பது ஐம்பது கிலோ எடை, நான்கு போல்ட், ஓயாத அதிர்வு, சொட்டுகிற தண்ணீர். துருப்பிடிக்க இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

"கட்டி பன்னிரண்டு வருஷம்தான் ஆச்சு. எங்களுக்கும் தேவையா?"

ஊருக்கு ஊர் விதி வேறு. நியூயார்க்கில் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2022 முதல், 20 ஆண்டு தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களுக்கு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை. ஹாங்காங்கில் 2012 முதல் 30 ஆண்டு நிறைந்த கட்டடங்களுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை. ஆனால் ஜன்னல்களுக்கு மட்டும் பத்து வயதிலேயே தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. ஜன்னலைத் தனியாகப் பிரித்தது நல்ல யோசனை. திறந்து மூடுகிற பொருள் சீக்கிரம் தேயும்.

விதியே இல்லாத இடத்தில் என்னைக் கேட்டால், பத்து வயதுக்குள் ஒரு முறை பார்த்துவிடுங்கள், அப்புறம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. கான்கிரீட் இளமையாக இருந்தாலும் இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைத்த சீலன்ட் என்ற ரப்பர் போன்ற பசை அதற்குள் கிழடு தட்டியிருக்கும். பாலியூரிதேன் தோராயமாகப் பத்து ஆண்டு தாங்கும். நல்ல சிலிக்கானாக இருந்தால் இருபது வரை போகலாம். கடலோரக் கட்டடம் என்றால் இந்த இடைவெளிகளை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

"கீழேருந்து பைனாகுலர்ல பார்த்தா போதாதா? இல்லேன்னா டிரோன் விட்டுடலாமே?"

இரண்டுமே உதவும், முதல் சுற்றுக்கு. டிரோன் படத்தில் விரிசல் தெரியும், துருக்கறை தெரியும், பிளந்த ஓட்டையில் வேர்விட்ட ஆலங்கன்று தெரியும். உள்ளே சுவரை விட்டுப் பிரிந்து, வெளியே மழமழவென்று நிற்கும் பூச்சு தெரியாது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதுதான்.

அதனால்தான் கிட்டப் போகச் சொல்லி விதிகளே வற்புறுத்துகின்றன. சிங்கப்பூரில் முழுச் சுவரையும் கண்ணால் பார்த்த பிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 10 சதவீதத்தைக் கையெட்டும் தூரத்தில் சோதிக்க வேண்டும். நியூயார்க்கில் தெருவைப் பார்த்த பக்கத்தில் 60 அடிக்கு ஒரு இடம் என்று மேலிருந்து கீழ்வரை இறங்கிப் பார்க்க வேண்டும்.

வெப்பக் கேமராவும் நல்ல கருவி. வெயில் ஏறும் நேரத்தில், பிரிந்து நிற்கும் பூச்சின் பின்னால் காற்று அடைபட்டிருப்பதால் சூடு உள்ளே இறங்காமல் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிக் காட்டும். சூரியன் போன பிறகு அதே இடம் முதலில் ஆறும். நிழலிலேயே கிடக்கும் சுவரில் இந்த வித்தை பலிக்காது. வடக்குப் பக்கத்தை மத்தியானம் படமெடுத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதிய ரிப்போர்ட்டை நானே பார்த்திருக்கிறேன்.

"சுத்தியலால தட்டி என்ன சார் கண்டுபிடிச்சிடுவீங்க?"

மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே சங்கதி. ஒட்டியிருக்கும் பூச்சு "ணங்" என்று கெட்டியாகப் பேசும். பிரிந்த பூச்சு "டொப்" என்கும். சுத்தியல் கையில் திரும்பி அடிக்கிற விதமும் வேறு. பழகிய கைக்குக் காதை மூடினாலும் தெரியும். கால் கிலோ சுத்தியல் போதும். டைலுக்கு அதுகூட வேண்டாம், நுனியில் உருண்டை வைத்த கம்பியைச் சுவரோடு சேர்த்து இழுத்துக்கொண்டே போனால் சத்தம் மாறும் இடத்தில் நிறுத்திச் சாக்பீஸால் கோடு போடலாம்.

ஒரு கட்டடத்தில் பதினோராவது மாடி பால்கனியின் அடிப்பக்கம். புது பெயின்ட், ஒரு மயிரிழை விரிசல், அவ்வளவுதான். தட்டிக்கொண்டே போனவன் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் "டொப்" கேட்டு நின்றேன். இன்னொரு தட்டுத் தட்டியதும் விரிசலிலிருந்து காவி நிறத் தூள் உதிர்ந்து என் சட்டைக் கையில் விழுந்தது. உளி வைத்து நெம்பினால் சாப்பாட்டுத் தட்டு அளவு கான்கிரீட் அப்படியே கையோடு வந்தது. உள்ளே கம்பி, அடுக்கடுக்காகப் பொருக்கு விட்டிருந்தது. நேர் கீழே குழந்தைகள் சைக்கிள் நிறுத்தும் இடம்.

"விரிசல் விட்டிருந்தாலே ஆபத்தா?"

இல்லை. பூச்சில் வலை வலையாகப் பரவும் மெல்லிய கீறல் பெரும்பாலும் சிமென்ட் காய்ந்தபோது சுருங்கியது. பார்க்க அசிங்கம், அவ்வளவே. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, தளத்தின் மட்டத்தில் கிடையாக நீண்டு போவது, தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நெட்டுக்குத்தாக நிற்பது ஆகியவை கட்டடம் அசைவதன் அடையாளம். இவற்றில் தண்ணீர் புகும். மிக மோசமானது, கம்பி போகும் பாதையிலேயே நேர்கோடாக ஓடி ஓரத்தில் காவிக் கறை கசியும் விரிசல். அது உள்ளிருந்து தள்ளப்பட்டு வந்தது.

அகலத்தைவிட, வளர்கிறதா என்பது முக்கியம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் பேசுவோம்.

"நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்கிறோமே, அது பாதுகாப்புதானே?"

சுவர் நன்றாக இருந்தால் பாதுகாப்பு. நோய் இருந்தால் போர்வை. நீராவி வெளியேற விடாத கெட்டியான பெயின்ட் உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கும். கொஞ்ச நாளில் கொப்புளம் கொப்புளமாக உப்பும். இன்னொன்று, மேலே சொன்ன காவிக் கறைதான் நமக்குக் கிடைக்கும் முதல் துப்பு. அதை மூன்று கோட் வெள்ளையில் புதைத்துவிட்டால் அடுத்தவருக்குத் துப்பே கிடைக்காது. முதலில் தட்டிப் பார்த்து, பிரிந்ததை எடுத்து, சரிசெய்து, காயவிட்டு, கடைசியில்தான் பெயின்ட். பல சங்கங்களில் இந்த வரிசை தலைகீழ்.

"கம்பி கான்கிரீட்டுக்குள்ளதானே இருக்கு, அது எப்படி சார் துருப்பிடிக்கும்?"

புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உருவாகி, துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே போய் இந்தக் காரத்தைத் தின்கிறது. பி.எச். 9-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் காப்பு போயிற்று. அப்புறம் ஈரமும் காற்றும் இருந்தால் போதும். கடலோரத்தில் உப்பிலுள்ள குளோரைடு, காரம் இருக்கும்போதே படலத்தை ஓட்டை போட்டுவிடும். அது இன்னும் பொல்லாதது.

துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாத கான்கிரீட் என்ன செய்யும்? பிளந்துகொள்ளும். அதைத்தான் தட்டும்போது "டொப்" என்று கேட்கிறோம்.

கார்பன் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அங்கேயே பார்க்கலாம். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்தால் காரம் உள்ள பகுதி பளிச்சென்று ரோஜா நிறமாகும். காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பட்டை கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதே கேள்வி. இது காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி நகரும். பத்து ஆண்டில் 10 மில்லிமீட்டர் என்றால் 20 மில்லிமீட்டர் போக நாற்பது ஆண்டு ஆகும். ஆகவே கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் கனத்தில் கொத்தனார் மிச்சம் பிடித்த ஒரு சென்டிமீட்டர், கட்டடத்தின் ஆயுளில் முப்பது ஆண்டு.

"மழை பெய்யும்போது உள்சுவர் ஈரமாகுது. வெளியே ஒரு ஓட்டையும் தெரியல. தண்ணி எங்கேருந்து வருது?"

ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் அபூர்வமாகவே ஒன்றாக இருக்கும். இரண்டு மாடி மேலே கைப்பிடிச் சுவரின் தலைக்கல் இணைப்பில் நுழைந்த தண்ணீர், செங்கல் வழியே இறங்கி, தளத்தின் விளிம்பில் பக்கவாட்டில் ஓடி, உங்கள் படுக்கையறை மூலையில் எட்டிப் பார்க்கும். உயரமான கட்டடத்தில் காற்று சுவரை அழுத்துவதால், மழைநீர் மேல்நோக்கிக்கூட ஏறிப் புகும்.

சோதிக்கும்போது கீழிருந்து மேலே தண்ணீர் அடிக்க வேண்டும். முதலில் ஜன்னலின் அடி, சிறிது நேரம் பொறுத்து பக்கம், அப்புறம் மேல்விளிம்பு. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்துவிடும், எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. சன்ஷேடின் அடியில் டிரிப் மோல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். விளிம்பை ஒட்டி ஒரு சிறு பள்ளம்; தண்ணீர் சுவரை நோக்கி வழியாமல் அங்கேயே சொட்டிவிடுவதற்காக வைப்பது. ஒவ்வொரு முறை பூசும்போதும் யாராவது ஒரு கொத்தனார் "நேர்த்தியாக இருக்கட்டும்" என்று அதை அடைத்துவிடுகிறார்.

"கான்கிரீட் பேட்ச் வேலை ஒழுங்கா நடக்குதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒரே ஒரு இடத்தில் ஆரம்பம் முதல் முடிவுவரை கூட நில்லுங்கள். தளர்ந்ததைத் தட்டி எடுத்துவிட்டு, அப்படியே சிமென்ட் அப்பினால் அது வேலை இல்லை. கம்பியின் பின்பக்கத்திலும் விரல் நுழையும் அளவு, ஏறத்தாழ 20 மில்லிமீட்டர், கான்கிரீட்டை வெட்டி எடுக்க வேண்டும். துருவில்லாத நல்ல கம்பி தெரியும் வரை நீளவாக்கிலும் போக வேண்டும். ஓரங்களைக் கட்டிங் மெஷினால் செங்குத்தாக வெட்ட வேண்டும். ஓரத்தில் தாள் போல மெலிந்து முடியும் பேட்ச் முதலில் உரிவது அங்கேதான். கம்பியை உலோகம் மின்னும் வரை தேய்த்து, அன்றே துத்தநாகப் பூச்சு. பாதி தேய்ந்து போன கம்பி என்றால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டுமா என்பதை இன்ஜினியர் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல.

பிறகு பாலிமர் கலந்த ரிப்பேர் காரை, தயாரிப்பாளர் சொன்ன கனத்தில் அடுக்கடுக்காக. பழைய கான்கிரீட் ஈரமாக இருக்க வேண்டும், மேலே தண்ணீர் மினுங்கக்கூடாது. கடைசியில் ஈரச் சாக்கோ பூச்சோ போட்டு காயாமல் காக்க வேண்டும். பதினாலாவது மாடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கைவிடப்படுவது எப்போதும் இந்தக் கடைசி வேலைதான்.

"போன தடவை பண்ணின பேட்சுக்குப் பக்கத்துலயே மறுபடி வெடிச்சிருக்கு. ஏமாத்திட்டாரா கான்ட்ராக்டர்?"

பேட்சே கழன்றிருந்தால் அவரைக் கேளுங்கள். பேட்ச் கெட்டியாக இருந்து, அதன் ஓரத்தை ஒட்டிய பழைய கான்கிரீட் வெடித்திருந்தால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வேலை. துருப்பிடிக்கும் இடம் தன்னைத் தின்னக் கொடுத்து, பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைச் சுத்தமாக்கிப் புதுக் காரை வைத்ததும் அது அமைதியாகிவிட்டது. இப்போது, ஏற்கெனவே உப்பேறிக் கிடந்த பக்கத்து இடம் பலிக்கு முன்வருகிறது.

கடலோரக் கட்டடங்களில் இது சகஜம். பேட்சின் ஓரத்தில் கம்பியோடு சேர்த்துத் துத்தநாகக் கட்டிகளைக் கட்டி வைத்தால், கம்பிக்குப் பதிலாக அது தேயும். ரிப்பேருக்கு முன்பே கான்கிரீட் தூளை எடுத்துக் குளோரைடு சோதனை செய்திருந்தால் இது தெரிந்திருக்கும். உங்கள் பழைய ரிப்போர்ட்டில் அந்தச் சோதனை இருக்கிறதா, பாருங்கள்.

"டைல் உப்பியிருக்கு. கம் ஊத்தி ஒட்டிடலாம்ல?"

சில இடங்களில் துளை போட்டு எபாக்சி செலுத்தி, துருவேறாத எஃகு ஊசி வைத்துப் பிடிக்கலாம். ஆனால் ஏன் உப்பியது என்று கேட்காமல் ஒட்டினால் பக்கத்து டைல் உப்பும். கான்கிரீட் தூண்கள் ஆண்டுக்கணக்கில் பாரத்தால் மெல்லச் சுருங்குகின்றன. சுட்ட செங்கல் ஈரத்தை வாங்கி மெல்ல வளர்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு தளத்திலும், மெத்தென்ற ஒரு இணைப்பு இருக்க வேண்டும். அங்கே சீலன்டுக்குப் பதில் காரை அடைத்திருந்தால் சுவருக்கு வெளியே பிதுங்குவதைத் தவிர வழியில்லை.

கல்லும் இதற்கு விலக்கல்ல. சிகாகோவில் 1970-களில் எழுந்த அமோகோ கோபுரத்துக்கு இத்தாலியின் கராரா பளிங்கை மூன்று சென்டிமீட்டரை ஒட்டிய கனத்தில் பலகையாக மாட்டினார்கள். சூடேறுவதும் ஆறுவதுமாகத் தொடர்ந்ததில், சுமார் 43,000 பலகைகளில் ஏராளமானவை அப்பளம் போல வளைந்தன. 1990-92-ல் மொத்தத்தையும் கழற்றிக் கிரானைட் போட்டார்கள். பளிங்கின் படிகங்கள் எல்லாத் திசையிலும் ஒரே அளவு விரிவதில்லை. ஒவ்வொரு முறை சூடேறும்போதும் படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவே பிடி கொஞ்சம் விடும்.

"கண்ணாடி தானா உடையுமா? யாரோ கல் விட்டிருப்பாங்கன்னு செக்யூரிட்டி சொல்றாரு."

தானாக உடையும். சூடாக்கிச் சட்டென்று ஆறவைத்து உறுதியாக்கிய டெம்பர்டு கண்ணாடிக்குள் நிக்கல் சல்பைடு என்ற தூசியளவுப் பொருள் சிக்கியிருந்தால், அது ஆண்டுகள் கழித்துப் பருத்து, ஒரு அமைதியான மத்தியானத்தில் முழுக் கண்ணாடியும் கல்கண்டாகச் சிதறும். உடையாமல் சட்டத்தில் நின்ற துண்டுகளைப் பாருங்கள்: நடுவில் வண்ணத்துப்பூச்சி இறக்கை போல இரண்டு பெரிய துண்டுகள் சேர்ந்திருந்தால் செக்யூரிட்டி மேல் பழியில்லை, பையன்கள் மேலும் இல்லை. மாற்றும்போது வெப்பச் சோதனை செய்த கண்ணாடி கேளுங்கள். ஆள் நடமாட்டத்துக்கு மேலே என்றால் லேமினேட்டட், அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது.

பாஸ்டனின் ஜான் ஹான்காக் கோபுரத்தில் 1973-ல் நடந்தது வேறு கதை. ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரட்டைக் கண்ணாடிகள் விழ ஆரம்பித்தன. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பற்றவைத்த ஈயம் கொஞ்சமும் நெகிழவில்லை. நெகிழாததால் கண்ணாடி விரிசல் விட்டது. கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் மாற்றினார்கள். அது வரைக்கும் ஓட்டைகளில் பிளைவுட்.

"எங்க கட்டடத்துக்கு அலுமினிய பேனல் போட்டிருக்கு. தீப்பிடிக்குமா?"

அலுமினியம் மெல்லிய தோல்தான். நடுவில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. 2017-ல் லண்டனில் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்ததற்கு, பாலிஎத்திலீன் என்ற எரியும் பிளாஸ்டிக்கை நடுப்பகுதியாகக் கொண்ட பேனல்கள் முக்கியக் காரணம். தீ சுவர் வழியாகவே மேலேறியது. ஒரு பேனலைக் கழற்றி வெட்டுமுகத்தைப் பாருங்கள், மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். கழற்றும்போதே, பேனலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தளத்துக்குத் தளம் தீத்தடுப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காகிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

"பெயின்ட் கான்ட்ராக்டரே ஃப்ரீயா பார்த்து ரிப்போர்ட் தர்றேங்கிறாரு. வேணாம்னு ஏன் சொல்றீங்க?"

பெயின்ட் விற்பவர் பார்த்தால் எல்லா நோய்க்கும் மருந்து பெயின்டாகத்தான் இருக்கும். பார்ப்பவரும் செய்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். பார்ப்பவர், கட்டமைப்பு தெரிந்த, வெளிச்சுவரில் அனுபவமுள்ள இன்ஜினியர். அவர் தாமே கிட்டப் போய்ப் பார்ப்பாரா, உதவியாளரை அனுப்பிவிட்டுக் கையெழுத்துப் போடுவாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

"ரிப்போர்ட் கையில வந்தாச்சு. நூறு போட்டோ இருக்கு. இதுல எதைப் பார்க்கிறது?"

போட்டோவுக்கு முன்னால் வரைபடத்தைத் தேடுங்கள். கட்டடத்தின் ஒவ்வொரு பக்கமும் வரையப்பட்டு, எந்த மாடியில், எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் என்ன குறை என்று குறித்திருக்க வேண்டும். வரைபடம் இல்லாத போட்டோ வெறும் ஆல்பம். பிறகு தரம் பிரித்தல்: நியூயார்க்கில் மூன்று வகை. பாதுகாப்பானது, குறித்த காலத்துக்குள் ரிப்பேர் செய்தால் பாதுகாப்பானது, ஆபத்தானது. சங்கங்களைக் கவிழ்ப்பது நடுவில் இருக்கும் வகை. "இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்று படித்துவிட்டு மூடிவைப்பார்கள். அங்கே அடுத்த சுற்றுக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் தானாக ஆபத்து வகைக்குப் போய்விடும். சட்டம் இல்லாவிட்டாலும் சுவர் அதையேதான் செய்யும்.

"ஆபத்துன்னு எழுதிட்டாங்க. பணம் சேர்த்து வேலை ஆரம்பிக்க ஆறு மாசம் ஆகும். அது வரைக்கும்?"

முதல் வேலை, கையால் கழற்ற முடிந்ததை அன்றே கழற்றிக் கீழே இறக்குவது. இரண்டாவது, கீழே நடமாட்டத்தை மறிப்பது. நாடா கட்டினால் போதாது, ஜனம் தாண்டித்தான் போகும். நுழைவாயிலை மூட முடியாது என்றால் மேலே பலகைக் கூரை போட்ட பாதை. மூன்றாவது வலை. வலை சில்லுகளைப் பிடிக்கும், சன்ஷேடின் முழு விளிம்பையும் பிடிக்காது. வெயிலில் வலையும் இற்றுப் போகும். தற்காலிகம் என்று கட்டிய கூரை ஆண்டுக்கணக்கில் நிற்பது எல்லா ஊரிலும் உண்டு. அதற்கும் ஒரு முடிவுத் தேதியைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

"சாரம் கட்டணுமா, கயிற்றுல இறங்கினா போதுமா, தொட்டில் தொங்கவிடலாமா?"

பார்ப்பதற்கும் சின்னச் சின்ன பேட்சுக்கும் கயிறு. நீண்ட நேரான சுவருக்கு மோட்டார் தொட்டில். பால்கனியும் வளைவும் நிறைந்து, பாதிச் சுவரை உடைக்க வேண்டியிருந்தால் சாரம்தான். கயிறு என்றால் ஒரு ஆளுக்கு இரண்டு கயிறு, இரண்டுக்கும் தனித்தனிப் பிடிமானம். ஒரே கயிறு கட்டி இறங்குபவரை உடனே நிறுத்துங்கள். பிடிமானத்தைத் தண்ணீர்க் குழாயிலோ, கைப்பிடிச் சுவரிலோ கட்டக் கூடாது. அந்தச் சுவரே தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தானே ஆளை இறக்குகிறோம்!

"குறைஞ்ச டெண்டருக்குத்தான் கொடுத்தோம். வேலை பாதியில அளவு ரெண்டு மடங்காயிடுச்சுன்னு பில் வருது."

இதில் பாதி உண்மை, பாதி விளையாட்டு. கீழிருந்து பார்த்து எழுதிய அளவு, சாரம் ஏறித் தட்டிய பிறகு கூடத்தான் செய்யும். ஏன் என்பதை டிரோன் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறேன். அதனால் மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் போடாமல் சதுர அடிக்கு, ஓடும் அடிக்கு என்று விலை பேசுங்கள். உடைப்பதற்கு முன் உங்கள் இன்ஜினியரும் கான்ட்ராக்டரும் சேர்ந்து தட்டி, சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் அளவை எழுதிப் படமெடுக்க வேண்டும். உடைத்த பிறகு அளந்தால் ஓட்டையின் ஓரம் எப்போதும் அவர் பக்கம் சாயும்.

"முடிச்சிட்டோம்னு சொல்றாங்க. எதை வெச்சுச் சரின்னு ஒத்துக்கிறது?"

சாரத்தை அவிழ்ப்பதற்கு முன், அதே சுத்தியல். கூடவே சில பேட்ச்களில் இழுவைச் சோதனை: ஐந்து சென்டிமீட்டர் வட்டத் தகட்டை ஒட்டி, சுற்றிலும் வெட்டிவிட்டு, கருவியால் இழுப்பது. எவ்வளவு விசையில் பிய்ந்தது என்பதோடு எங்கே பிய்ந்தது என்றும் பாருங்கள். பழைய கான்கிரீட்டுக்குள் பிய்ந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது. புதுசும் பழசும் சேரும் இடத்தில் வழுக்கென்று கழன்றால், அந்த மேஸ்திரி செய்த மற்ற பேட்ச்களையும் தட்டுங்கள்.

"ரெண்டு இன்ஜினியர் ரெண்டு விதமா சொல்றாங்க. ஒருத்தர் உடனே உடைக்கணுங்கிறார், இன்னொருத்தர் அஞ்சு வருஷம் தாங்கும்ங்கிறார். யாரை நம்புறது?"

இருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்தெந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள்?" பெரும்பாலும் ஒருவர் கயிற்றில் இறங்கியிருப்பார், இன்னொருவர் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்திருப்பார். இருவருமே தொட்டிருந்தால், கருத்து மாறும் இடங்களில் மூன்றைத் தேர்ந்து ஒரு சதுர அடி அளவுக்குத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இருவரையும் பக்கத்தில் நிற்கவைத்து.

ஒரு முறை அப்படி நடந்தது. தாங்கும் என்று சொன்னவன் நான். முதல் இரண்டு இடத்தில் கம்பி பளபளவென்று இருந்தது, ரோஜா நிறமும் நன்றாகப் பிடித்தது. மூன்றாவது இடம் மேற்குப் பக்கம், ஒரு குழாய்க்குப் பின்னால். உளி வைத்ததுமே கம்பி தூளாகக் கொட்டியது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் என் ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுத்தேன்.